கொடியோடும் கொசுவோடும் வந்த வரலாறு

காட்டுத் திராட்சையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆண்கொடி பூக்கும், காய்க்காது. பெண்கொடி காய்க்க வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆண்கொடி இருந்தாக வேண்டும். தோட்டத்துத் திராட்சைக்கு இந்தத் தேவை இல்லை. அதன் ஒரே பூவுக்குள் மகரந்தமும் உண்டு, சூலகமும் உண்டு. தனியாக நட்டாலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இரண்டாம் குரோமோசோமில் உள்ள ஒரு சிறு பகுதியில் ஆண், பெண் வடிவங்கள் கலந்ததால் இந்த இருபால் பூ பிறந்தது. அப்படிப்பட்ட கொடியை யாரோ ஒருவர் கண்டுகொண்டு, அதன் குச்சியை வெட்டி வேறிடத்தில் நட்டிருக்கிறார். அது எங்கே, எப்போது நடந்தது என்பதே திராட்சையின் வரலாற்றைத் தேடுவோரின் முதல் கேள்வி.

மனிதரைக் கடித்து நோய் பரப்பும் கணுக்காலிகளைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. பேன், கொசு, தெள்ளுப்பூச்சி, உண்ணி ஆகியவை மனிதரை எப்போது தேடி வந்தன, எந்த வழியில் உலகம் முழுவதும் பரவின? தாவரவியலும் மருத்துவப் பூச்சியியலும் வெவ்வேறு துறைகளாக வளர்ந்தவை என்றாலும், இரண்டுக்கும் இன்று ஒரே கருவி கிடைத்திருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசுவின் முழு மரபணுத்தொகை 2007ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அதே ஆண்டில் பிரெஞ்சு, இத்தாலிய ஆய்வாளர்கள் திராட்சையின் மரபணுத்தொகையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பழப்பயிர்களில் அதுவே முதல். அதன் பிறகு இரண்டு துறைகளிலும் வந்த முடிவுகளை அருகருகே வைத்துப் படித்தால், மனிதர் ஓரிடத்தில் தங்கி வாழத் தொடங்கிய காலத்தின் வரலாறு இரண்டு பக்கங்களிலிருந்தும் வெளிச்சம் பெறுகிறது.

விதையும் பானையும்

மரபணு ஆய்வுக்கு முன்பு இருந்த சான்றுகள் இரண்டே. ஒன்று, அகழாய்வில் கிடைக்கும் கருகிய விதை. காட்டுத் திராட்சையின் விதை உருண்டையானது, அதன் மூக்கு குட்டையானது. தோட்டத் திராட்சையின் விதை நீண்டது, மூக்கும் நீளம். பல்லாயிரம் விதைகளை அளந்து, இந்த வடிவ வேறுபாட்டை வைத்தே ஆய்வாளர்கள் நெடுங்காலம் முடிவு சொல்லி வந்தார்கள். இரண்டாவது சான்று, பானை. மத்திய கிழக்கில் இயற்கையாகக் கிடைக்கும் பழங்களில் டார்டாரிக் அமிலம் மிகுதியாக உள்ளது திராட்சையில்தான். மண்பானையின் நுண்துளைகளுக்குள் இந்த அமிலம் ஊறிவிட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் மெக்கவர்ன் இந்த வேதியியல் வழியில் முன்னோடி. ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் தேப்பேயில் கிடைத்த ஜாடிகளில் இருந்தது ஒயின்தான் என்று 1996இல் அவருடைய குழு அறிவித்தது. அந்த ஜாடிகளின் வயது 7,000 ஆண்டுகளுக்கும் மேல். 2017இல் அதைவிடப் பழைய சான்று வந்தது. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே உள்ள கடச்ரிலி கோரா, ஷுலாவேரிஸ் கோரா என்ற இரண்டு புதிய கற்கால ஊர்களின் பானைத் துண்டுகளில் அதே அமிலம் இருந்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 6000. ஆர்மீனியாவின் அரேனி குகையில் திராட்சை மிதிக்கும் தொட்டியும், சாறு வடிந்து சேரும் குழியும், நொதிக்க வைத்த பெரும் பானைகளும் கி.மு. 4000ஐ ஒட்டிய காலத்தவையாக வெளிப்பட்டன.

ஆனால் பானையில் இருந்த பழம் காட்டுக்கொடியில் பறித்ததா, நட்டு வளர்த்த கொடியில் பறித்ததா என்பதை அமிலத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கேதான் டிஎன்ஏ உதவுகிறது.

2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதுவரை நடந்தவற்றுள் மிகப் பெரியது. பல நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து 3,525 கொடிகளின் மரபணுத்தொகையைப் படித்தார்கள். அவற்றில் ஆயிரத்துச் சொச்சம் காட்டுக்கொடிகள். திராட்சை தெற்குக் காக்கசஸில் ஒரே முறை தோட்டப்பயிராகி அங்கிருந்து உலகெங்கும் பரவியது என்பதே அதுவரை பரவலாக நம்பப்பட்டது. இந்த ஆய்வு இரண்டு தொடக்கங்களைக் காட்டியது: ஒன்று மேற்கு ஆசியாவில், மற்றொன்று காக்கசஸில். இரண்டும் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய ஒரே காலத்தில். பனியுகத்தின் கடுங்குளிர் காட்டுத் திராட்சையைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்துப் போட்டிருந்தது. பிரிந்த கிளைகளை வெவ்வேறு மக்கள் தனித்தனியே வசப்படுத்தினார்கள். காக்கசஸ் கிளை பெரிதாகப் பரவவில்லை. மேற்கு ஆசியக் கொடி முதல் உழவர்களோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்து, வழியெங்கும் அங்கிருந்த காட்டுக்கொடிகளோடு கலந்து, இன்றைய ஒயின் ரகங்களின் மூதாதை ஆனது. கோதுமையும் பார்லியும் பயிரான அதே காலத்தில் திராட்சையும் பயிரானது என்பது பெரிய செய்தி. கொடி வகைகள் தானியங்களுக்கு வெகுகாலம் கழித்தே வசப்பட்டன என்ற பழைய எண்ணம் இதனால் ஆட்டம் கண்டுவிட்டது.

பச்சைத் திராட்சை எப்படி வந்தது என்பதும் டிஎன்ஏவில் பதிந்திருக்கிறது. திராட்சையின் இயற்கை நிறம் கருமை. நிறமியை உண்டாக்கும் ஒரு மரபணுவுக்கு அருகில், தன் இடத்தை மாற்றிக்கொள்ளும் ‘தாவும் மரபணு’ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு அதன் வேலையை முடக்கியதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தார்கள்.

மாறாத கொடி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுவோர் யாரும் விதை போடுவதில்லை. கவாத்து செய்யும்போது கிடைக்கும் குச்சியை வேர் பிடிக்க வைத்து நடுகிறார்கள். உலகெங்கும் இதுவே வழக்கம். விதையிலிருந்து முளைக்கும் கொடி தாயைப் போல இராது. குச்சியிலிருந்து வரும் கொடி தாய்க்கொடியின் மறுபடிவம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் ரகம். அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டும் ஸ்கியாவா க்ரோஸா என்ற ஐரோப்பியக் கருந்திராட்சையும் அதன் பெற்றோர் என்பது மரபணுச் சோதனையில் உறுதியானது. கம்பத்துப் பந்தலில் தொங்கும் பழத்தின் மணம் மத்தியதரைக் கடல் ஓரத்தில் தொடங்கிய வம்சத்தின் சொத்து.

இப்படிப் பெற்றோரைக் கண்டுபிடிக்கும் வழியைத் திறந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய கேரல் மெரடித். புகழ்பெற்ற கேபர்னே சாவின்யான், கேபர்னே ஃப்ரான்க்குக்கும் சாவின்யான் பிளாங்குக்கும் பிறந்தது என்று அவரும் ஜான் பவர்ஸும் 1997இல் நிறுவினார்கள். இரண்டு ஆண்டுகளில் இன்னொரு வியப்பு: ஷார்டனே, கமே உள்ளிட்ட 16 ரகங்கள் ஒரே ஜோடியின் பிள்ளைகள். அந்த ஜோடியில் ஒன்று உயர்குடி மதிப்புப் பெற்ற பினோ. மற்றொன்று குவே பிளாங். தரமற்றது என்று ஒதுக்கப்பட்டு, குடியானவர் தோட்டங்களில் மட்டும் வளர்ந்த கொடி. அந்த எளிய கொடிக்கு அறிவியல் தந்த இந்த மரியாதை வெகு காலம் கழித்து வந்தாலும் நியாயமானது.

குச்சியின் வலிமை எவ்வளவு என்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரான்ஸ் நாட்டு அகழாய்வுகளில் கிடைத்த 28 பழைய விதைகளின் டிஎன்ஏவைக் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் படித்தபோது, ஆர்லியான் நகரில் கிடைத்த ஓர் இடைக்கால விதை, இன்றும் பயிராகும் சாவன்யான் பிளாங் ரகத்தோடு மரபணுவில் ஒத்திருந்தது. சுமார் 900 ஆண்டுகளாக அந்தக் கொடி கைமாறிக் கைமாறி, ஒரே உயிராகத் தொடர்ந்திருக்கிறது. ரோமானியர் காலத்து விதைகளும் இன்றைய ரகங்களுக்கு நெருங்கிய உறவு.

சுவை மாறாமல் இருக்க மனிதர் செய்த இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. கொடி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைத் தின்னும் பூச்சியும் பூஞ்சையும் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே போகின்றன.

வேரைத் தின்ற பூச்சி

அந்த விலையை ஐரோப்பா 19ஆம் நூற்றாண்டில் கொடுத்தது. 1860களில் தெற்கு பிரான்ஸில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. செத்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அழுகல் மட்டுமே இருந்தது. மான்பெல்யே நகரின் தாவரவியலாளர் ஜூல் எமில் பிளான்ஷோன் 1868 ஜூலையில் செத்த கொடியை விட்டு, உயிரோடிருந்த பக்கத்துக் கொடியின் வேரைப் பார்த்தார். மஞ்சள் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சிகள் மொய்த்திருந்தன. கொடி சாகும்போது அவை அடுத்த கொடிக்குப் போய்விடுகின்றன. அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அதுவே ஃபிலாக்ஸெரா. அசுவினிக்கு உறவான இப்பூச்சியின் பெண்கள் ஆண் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும். அவை உறிஞ்சிய இடத்தில் வேர் முடிச்சாக வீங்கி, பிறகு பூஞ்சை புகுந்து அழுகும்.

1875இல் சுமார் 845 கோடி லிட்டராக இருந்த பிரான்ஸின் ஒயின் உற்பத்தி, 1889இல் 234 கோடி லிட்டராகச் சரிந்தது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு அரசு 3 லட்சம் ஃபிராங்க் பரிசு அறிவித்தது. நிலத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடைச் செலுத்தினார்கள். இறுதியில் தீர்வு, பூச்சி வந்த இடத்திலிருந்தே வந்தது. அது வட அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதை மிசௌரி மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் வாலன்டைன் ரைலியும் பிளான்ஷோனும் சேர்ந்து உறுதிசெய்தார்கள். அந்தப் பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேருக்கு அது பெரிய சேதம் செய்வதில்லை. எனவே கீழே அமெரிக்க வேர்ச்செடி, மேலே ஐரோப்பியக் கொடி என்று ஒட்டுக்கட்டினார்கள். உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் இன்றும் இந்த ஒட்டில்தான் நிற்கின்றன.

பூச்சி எந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறியது என்பது 2020இல்தான் தெளிவானது. அதன் மரபணுத்தொகையைப் படித்த பன்னாட்டுக் குழு, ஐரோப்பியப் பூச்சிகளுக்கு மிக நெருங்கிய உறவு மேல் மிசிசிப்பிப் பகுதியில், ஆற்றங்கரைக் காட்டுத் திராட்சையில் வாழும் பூச்சிகள் என்று கண்டது. கொடியின் தற்காப்பை ஏய்க்க உதவுவதாகக் கருதப்படும் 2,700க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதனிடம் இருந்தன. பாய்மரக் கப்பலின் நீண்ட பயணத்தில் செத்திருக்கக்கூடிய பூச்சியை நீராவிக் கப்பலின் வேகம் உயிரோடு கரைசேர்த்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் விளக்கம்.

உடையில் குடிவந்த பேன்

மனித உடலைத் தேடி வந்தவற்றுள் மிகப் பழையது பேன். தலைப்பேன் முடியில் வாழும், உடற்பேன் துணியின் தையலில் முட்டையிடும். துணியில்லாத மனிதரிடம் உடற்பேனுக்கு இடமே இல்லை. ஆகவே தலைப்பேனிலிருந்து உடற்பேன் எப்போது பிரிந்தது என்று கணக்கிட்டால், மனிதர் எப்போது உடை உடுத்தத் தொடங்கினார்கள் என்பதற்கு விடை கிடைக்கும். தோலும் நூலும் மண்ணில் மக்கிவிடுவதால் வேறெந்தச் சான்றும் இதற்குக் கிடைப்பது அரிது. டிஎன்ஏவில் சேரும் சிறு மாற்றங்களைக் கணக்கிடும் இந்த முறையை 2003இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தொடங்கிவைத்தார்கள். 2011இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு அதைத் திருத்தி, உடை பிறந்தது குறைந்தது 83,000 ஆண்டுகளுக்கு முன், ஒருவேளை 1,70,000 ஆண்டுகளுக்கு முன் என்று சொன்னது. இவ்வளவு சிறிய உயிர் இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை தந்தது அறிவியலின் அழகான வெற்றிகளில் ஒன்று.

உடற்பேன் ஆபத்தானது. டைஃபஸ் காய்ச்சலை அதுவே பரப்புகிறது என்று 1909இல் துனிஸ் நகரில் நிறுவிய சார்ல் நிக்கோலுக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பேன் பரப்பும் மற்றொரு நோய், விட்டு விட்டு வரும் மீள்காய்ச்சல். அதை உண்டாக்கும் பொரேலியா கிருமியை பிரிட்டனில் புதைக்கப்பட்ட பழைய உடல்களிலிருந்து எடுத்துப் படித்த லண்டன் ஆய்வாளர்கள், உண்ணி பரப்பும் தன் உறவுக் கிருமியிலிருந்து அது 6,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாக 2025இல் கணித்தார்கள். ஊர்கள் பெருகி, ஆட்டு ரோமத்தில் துணி நெய்யத் தொடங்கிய காலம் அது. கம்பளித் துணி பேனுக்கு உகந்த வீடு.

தெள்ளுப்பூச்சியின் கதையும் அதே காலத்தை ஒட்டியது. பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் குடலில் உயிர்பிழைக்க ஒரு குறிப்பிட்ட மரபணு வேண்டும். அந்த மரபணு கொண்ட கிருமி, ரஷ்யாவின் சமாரா பகுதியில் 3,800 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலேயே இருந்ததை 2018இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கண்டார்கள்.

தண்ணீர்ப் பானையில் வளர்ந்த கொசு

ஏடிஸ் எகிப்தியின் தாயகம் ஆப்பிரிக்கக் காடு. அங்கே அது மரப்பொந்தில் தேங்கும் மழைநீரில் முட்டையிட்டு, விலங்குகளின் இரத்தத்தைக் குடித்து வாழ்ந்தது. இன்றும் அந்தக் காட்டு வடிவம் மனிதரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மனிதரை மட்டும் தேடும் வடிவம் எப்படிப் பிறந்தது என்று ஆராய்ந்தவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லிண்டி மெக்பிரைடும் அவருடைய குழுவினரும். மனித உடல் வாடையில் மிகுந்திருக்கும் சல்கடோன் என்ற பொருளை உணரும் ஏற்பி ஒன்று, வீட்டுக் கொசுவில் கூர்மையாக இருப்பதை 2014இல் அவர்கள் காட்டினார்கள்.

அதே குழு பின்னர் சகாராவுக்குத் தெற்கே 27 இடங்களில் கொசு முட்டைகளைச் சேகரித்து வளர்த்து, ஒரு பக்கம் மனித வாடை, மறுபக்கம் விலங்கின் வாடை வைத்துச் சோதித்தது. 2020இல் வெளியான முடிவின்படி, நீண்ட, கடுமையான வறட்சி நிலவும் சாஹேல் பகுதியின் கொசுக்களே மனிதரை அதிகம் நாடின. காரணம் தண்ணீர். மாதக்கணக்கில் மழை இல்லாத நிலத்தில் மரப்பொந்து காய்ந்துவிடும். மனிதர் சேமித்து வைக்கும் தண்ணீரில்தான் முட்டை பிழைக்கும். தண்ணீருக்காக மனிதரை அண்டிய கொசு, பக்கத்தில் இருந்த மனித இரத்தத்துக்கும் பழகியது.

இது எப்போது நடந்தது? வெப்ப நிலத்தில் பழைய டிஎன்ஏ தாங்குவதில்லை. திராட்சை விதை போல, தோண்டி எடுக்கப் பழங்காலக் கொசு கிடைப்பதில்லை. உயிரோடுள்ள கொசுக்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்கிடுவதே வழி. அந்தக் கணக்குக்கு உறுதியான தேதி ஒன்று தேவை. ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் காலம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கடத்திய கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் இந்தக் கொசுவும் அமெரிக்கா போனது. அந்தக் கொடுமையின் தடம் கொசுவின் மரபணுவில்கூடப் பதிந்திருப்பது மனத்தை உலுக்கும் உண்மை. அதை அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது, மனிதரை நாடும் வடிவம் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் பிறந்ததாக 2023இல் கணிக்கப்பட்டது. பசுமையாக இருந்த சகாரா வறண்டு பாலையாக மாறி முடிந்த காலம் அது.

காக்கசஸில் சாற்றை நொதிக்க வைத்ததும் சாஹேலில் குடிநீரைத் தேக்கியதும் ஒரே வகையான வாழ்க்கை முறையின் விளைவுகள். ஓரிடத்தில் தங்கி, அடுத்த பருவத்துக்காகச் சேர்த்துவைக்கும் குடும்பத்துக்குப் பானை வேண்டும். ஒரு பானை கொடியை வளர்த்தது, மற்றொன்று கொசுவை.

அமெரிக்கா சென்ற கொசு அங்கே மஞ்சள் காய்ச்சலைப் பரப்பியது. 1640களின் இறுதியில் பார்படோஸிலும் யுகட்டானிலும் ஏற்பட்ட கொள்ளைநோய்களே அதன் முதல் பதிவுகள். கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே, நோயைப் பரப்புவது கொசுவே என்று 1881இல் சொன்னார். 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவக் குழு அதை நிரூபிக்கும்வரை அவர் சொல் எடுபடவில்லை. 73 இடங்களிலிருந்து எடுத்த 1,206 கொசுக்களின் மரபணுத்தொகையைப் படித்து 2025இல் வெளியான ஆய்வு, கொசு அமெரிக்காவில் மேலும் தகவமைந்து, அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது என்கிறது. 1964இல் சென்னையில் சிக்குன்குனியாவைப் பரப்பிய கொசுவும் இன்று தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் டெங்கு பரப்பும் கொசுவும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை. அண்மைக் காலத்தில் அது ஆப்பிரிக்காவுக்கே திரும்பியிருக்கிறது. வெளிநாடுகளில் பெற்ற பூச்சிக்கொல்லி எதிர்ப்பு மரபணுக்களையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது. ஆப்பிரிக்க நகரங்களில் டெங்கு பெருகும் காலமும் இதுவே.

எதிர்த்திசையில் தெற்காசியாவிலிருந்து புறப்பட்டது அனோஃபிலஸ் ஸ்டீஃபென்ஸி என்ற மலேரியா கொசு. ஆப்பிரிக்க மலேரியா கொசுக்கள் பெரும்பாலும் வயல்வெளியையும் சதுப்பையும் சார்ந்தவை. இதுவோ மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது. சென்னையில் மலேரியாவைப் பரப்பிவந்ததும் இதுவே. 2012இல் ஜிபூட்டி துறைமுகத்தில் காணப்பட்ட இந்தக் கொசு, 2016இல் எத்தியோப்பியாவை எட்டியது. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்றளித்த அதே 2016ஆம் ஆண்டின் டிசம்பரில், அது மன்னாரில் கண்டறியப்பட்டது. எத்தியோப்பியக் கொசுக்களின் டிஎன்ஏ தெற்காசியக் கொசுக்களோடு நெருங்கி ஒத்துப்போகிறது. ஆப்பிரிக்காவில் இதன் பரவலைத் தடுக்க உலக சுகாதார அமைப்பு 2022இல் தனித் திட்டம் தொடங்கியது. துறைமுகங்களிலும் கட்டுமானப் பகுதிகளிலும் உள்ள தண்ணீர்த் தொட்டிகளில் புழுக்களைச் சேகரித்து, அவை எந்தக் கிளையைச் சேர்ந்தவை என்று மரபணுவில் பார்ப்பதும் இப்போது கண்காணிப்பின் பகுதியாகியிருக்கிறது.